கொக்கி சொன்னால் அடுத்த பதிலைப் பார்

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கம்ப்யூட்டரைத் தொடப் பயம். டாக்டருக்கு அவளைவிடப் பயம். பயந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால், சம்பளம் வாங்குபவர்தான் முதலில் தைரியசாலி ஆகவேண்டும். அவள் ஆனாள்.

இணையம் அப்போது தொலைபேசிக் கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது. மோடம் கனைக்கும், கீச்சிடும், தொண்டையைச் செருமும், மனசு வந்தால் இணைப்புக் கொடுக்கும். அது இணைப்பில் இருக்கும்வரை ஆஸ்பத்திரிக்கு யாரும் போன் செய்ய முடியாது.

"ஏம்மா, காலையிலேர்ந்து ஒரு போன்கூட வரலையே. ஊர்ல எல்லாருக்கும் பல்லு நல்லாயிடுச்சா?" என்று டாக்டர் உள்ளேயிருந்து கேட்பார்.

"ஆகியிருக்கும் டாக்டர். நீங்கதானே பார்த்தீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கம்பியைப் பிடுங்குவாள்.

அவள் இணையத்துக்குள் போனதே பல் படங்களுக்காகத்தான். எக்ஸ்ரே படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. எது யாருடைய கடைவாய்ப் பல் என்று தெரியவில்லை. கம்பெனி ஒன்று விற்ற மென்பொருள் இருந்தது. திறக்கும்போதெல்லாம், நீ திருடியா, இல்லையென்றால் நிரூபி என்று உரிம எண்ணைக் கேட்கும். அப்போது யாரோ 'பரண்' என்ற மென்பொருளைப் பற்றிச் சொன்னார்கள். படங்களை ஏற்றலாம், ஒவ்வொரு படத்தின் கீழும் யார், எப்போது, என்ன என்று குறிப்பு எழுதலாம். அவ்வளவுதான் அதன் வித்தை. எந்தக் கம்பெனியும் செய்ததல்ல. ஒரு தனி ஆள் தன் தேவைக்காகச் செய்து, உள்ளே இருக்கும் நிரல் அத்தனையையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தார். வேண்டுமானால் மாற்றிக்கொள், மாற்றியதை நீயும் திறந்து வை என்பதுதான் நிபந்தனை.

பரணைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேச ஒரு குழுமம் இருந்தது. சேர்வதற்கு ஒரு பெயர் வேண்டும். நல்ல பெயர்களையெல்லாம் அதற்குள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கழுவி வைத்த தட்டில், பல்லின் ஓட்டையைக் குத்திப் பார்க்கும் வளைந்த கம்பி இருந்தது. கொக்கி என்று அடித்தாள். அந்தப் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை.

பரணை எழுதியவருக்குக் குழுமத்தில் முனிவர் என்று பெயர். அவராக வைத்துக்கொண்டதில்லை, குணத்தைப் பார்த்து மற்றவர்கள் வைத்தது. கேள்வி கேட்டால் வாய் திறக்கமாட்டார். கொக்கி கேட்ட முதல் கேள்வி நாள்கணக்கில் அநாதையாகக் கிடந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் வந்து தப்பான பதில் ஒன்றைச் சொன்னார். அரைமணி நேரத்தில் முனிவர் குதித்து வந்தார். "இப்படி ஒரு மடத்தனத்தை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று தொடங்கி, ஒரு கட்டுரை அளவுக்குச் சரியான பதிலை எழுதி, கடைசியில் படம் வேறு வரைந்து காட்டியிருந்தார்.

கொக்கிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த மனிதரால் அறியாமையைத் தாங்கிக்கொள்ள முடியும். தப்பைத்தான் தாங்க முடியாது.

அன்றிலிருந்து அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். யாராவது கேள்வி கேட்டுவிட்டுக் காத்துக் கிடந்தால், போய் ஒரு தப்பான பதிலைச் சொல்வாள். தப்புச் சொல்வதிலும் நேர்த்தி உண்டு. முழு முட்டாள்தனமாக இருந்தால் முனிவர் கண்டுகொள்ளாமல் போய்விடுவார். கொஞ்சம் நியாயம் கலந்திருக்க வேண்டும். பாதி சரியான தப்புதான் அவருக்குக் காலில் குத்திய நெருஞ்சிமுள். ஆள் இல்லாத மத்தியான நேரங்களில், துளைக்கும் கருவியின் சத்தம் உள்ளறையில் ஓய்ந்திருக்கும்போது, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து அவள் தப்புகளை யோசிப்பாள். வாழ்க்கையில் அத்தனை கவனமாக அவள் வேறெதையும் செய்ததில்லை.

ஒருமுறை ஒருவர் வந்து அழாத குறையாகக் கேட்டார். பரண் திறக்க மறுக்கிறது, என்ன செய்ய? இரண்டு நாள் யாரும் வாய் திறக்கவில்லை. கொக்கி எழுதினாள்:

"இதற்கெல்லாம் கவலைப்படலாமா? அட்டவணை என்று ஒரு கோப்பு இருக்கும், அதை அழித்துவிடுங்கள். தலைமுடி மாதிரிதான். வெட்டினால் தானாக வளர்ந்துவிடும்."

முனிவர் அப்போதே வந்துவிட்டார். "வளரும். மொட்டைத் தலையாக வளரும்! படங்கள் இருக்கும், படத்தில் இருப்பது யாரென்று எழுதியதெல்லாம் போய்விடும். குறிப்புகள் இருப்பதே அந்தக் கோப்பில்தான். கொக்கியாரே, உமக்கு மண்டைக்குள் இருப்பது மூளையா, பஞ்சா?"

"பஞ்சுதான் ஐயா. நான் வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியில்."

குழுமமே சிரித்தது. முனிவரும் சிரித்திருப்பார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். சிரித்ததாக அவர் எழுதியதில்லை. ஆனால் அந்தப் பதிலின் கீழ், அட்டவணையை அழிக்காமல் பரணைத் திறக்க வைக்கும் வழி முழுசாக இருந்தது. கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துவிடக்கூடாது என்று, குழுமத்தின் நெற்றியில் யாரோ ஒரு வரி எழுதி வைத்தார்கள்: கொக்கி சொன்னால் அடுத்த பதிலைப் பார். சேருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் படிப்பார்கள். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தவனுக்கு அவள் சொல்லும் தப்பு ஒரு வாசல் மாதிரி. அதைத் தாண்டினால் முனிவர் உட்கார்ந்திருப்பார்.

முனிவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது சொற்பம். மழை பெய்தால் இணைப்புப் போய்விடும் வீடு. வலது கைச் சுண்டுவிரலில் ஏதோ கோளாறு, அதனால் சில எழுத்துகள் விட்டுப்போகும். அவளை ஆண் என்றே நினைத்திருந்தார். அவளும் திருத்தவில்லை. ஒருமுறை அவளுடைய அக்கா, 'அவர் ஏன் சும்மா கொடுக்கிறார்?' என்று கேட்டாள். அதைத்தான் அவள் குழுமத்தில் கேட்டாள், அதையும் தப்பாகவே சொல்லிக் கேட்டாள்: "முனிவர் பரணை இலவசமாகக் கொடுப்பது பேர் வாங்கத்தான்." அவர் பதில் எழுதினார்: "என் வீட்டுக் கதவு கிறீச்சிட்டது. எண்ணெய் வாங்கிப் போட்டேன். மிச்ச எண்ணெய் வாசலில் இருக்கிறது. உமக்குக் கதவு இருந்தால் எடுத்துக்கொள்ளும். இதில் பேர் எங்கிருந்து வந்தது?"

அதை அவள் அக்காவிடம் சொன்னாள். அக்காவும் அத்தானும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். அக்கா, "பைத்தியக்கார மனுஷன், பாவம்" என்றாள். அத்தான், "அந்த எண்ணெயில கொஞ்சம் எனக்கும் கொண்டா" என்றார். அப்படித்தான் பரண் ஸ்டூடியோவுக்குப் போனது.

எல்லாம் ஒரு அறிவிப்பில் முடிந்தது. குழுமம் இருந்த இடத்தைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. வாங்கிய அன்றே முகப்பில் போட்டார்கள்: உங்கள் அன்பான குழுமம் எப்போதும்போல் இருக்கும், எதுவும் மாறாது. கம்பெனிக்காரர்கள் எதுவும் மாறாது என்று சொன்னால் பெட்டி படுக்கையைக் கட்ட ஆரம்பிக்கலாம் என்பதை அவள் பிறகுதான் தெரிந்துகொண்டாள். முதலில் நெற்றியில் இருந்த வரி போனது. அந்த இடத்தில் விளம்பரம் வந்தது. அப்புறம் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் சின்ன இதயம் ஒன்று முளைத்தது. பிடித்தால் அழுத்தலாம். நிறைய இதயம் வாங்கிய பதில் மேலே போகும். மற்றதெல்லாம் 'மேலும் காண்க' என்ற கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

பழைய ஆட்கள் கொக்கிமேல் இருந்த பிரியத்தில், தலைமுடி, பஞ்சு, இன்னும் அவளுடைய பழைய தப்புகள் எல்லாவற்றையும் தேடிப்பிடித்து இதயத்தை அழுத்தினார்கள். வேடிக்கைக்குத்தான். அவள் தப்புகள் எல்லாம் மேலே ஏறி உட்கார்ந்தன. முனிவரின் நீளப் பதில்கள் கோட்டுக்குக் கீழே போயின. எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று தினமும் அவளுக்குத் தகவல் வந்தது. கொஞ்ச நாள் அவளுக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது.

ஒருநாள் முனிவர் எழுதினார்: "கீழே யாரும் இறங்கி வருவதில்லை. நான் யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வருகிறேன்."

அவரைப் போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு ஆசை. ஆனால் அவரிடம் பேச அவளுக்கு ஒரு வழிதான் தெரியும். அன்று மத்தியானம் உட்கார்ந்து தன் வாழ்நாளின் மிகச் சிறந்த தப்பை எழுதினாள். பரணின் ஆதார அமைப்பையே தலைகீழாகப் புரிந்துகொண்ட, முக்கால்வாசி நியாயமான தப்பு. முன்பென்றால் முனிவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடி வந்திருப்பார். அவள் காத்திருந்தாள். அதற்கு நிறைய இதயங்கள் விழுந்தன. முனிவர் வரவில்லை.

அவளும் அதற்குப் பிறகு போகவில்லை. குழுமம் அசைவில்லாமல் இணையத்தில் கிடந்தது. படிக்கலாம், எழுத முடியாது.

வருஷங்கள் ஓடின. ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலி மூன்றானது. டாக்டருக்குப் பதில் டாக்டரின் மகள் பல் பிடுங்குகிறாள். டாக்டர் சாயங்காலம் வந்து அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நாளிதழ் படிப்பார். இப்போது இணைப்பு எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அந்தக் கனைப்பும் கீச்சும் இல்லாமல் எதற்குள்ளும் போன மாதிரி அவளுக்கு இருப்பதில்லை. அத்தான் இறந்து போனார். அக்கா ஸ்டூடியோவைத் தனியாக நடத்துகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டைக் கழுவிவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தால், அக்காவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பிக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் பதறாதே" என்றாள் அக்கா. அக்கா இப்படி ஆரம்பித்தால் பதற வேண்டும் என்று அர்த்தம்.

"என்னக்கா?"

"பரண் காலையில திறக்கலை. உன்னைக் கூப்பிட்டேன், மகாராணி எடுக்கலை. சரின்னு போன்ல இருக்கே, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்ற அது, அதுகிட்ட கேட்டேன். எவ்வளவு மரியாதை தெரியுமா? உன்னைவிட நல்லாப் பேசுது."

"என்ன சொல்லிச்சு?"

"ஒரு கோப்பை அழிக்கச் சொல்லிச்சு. அழிச்சேன். உடனே திறந்துடுச்சு."

"அப்புறம் என்ன?"

"படமெல்லாம் இருக்கு. எழுத்து ஒண்ணையும் காணோம்."

"அத்தான் எழுதினது?"

"அதைத்தானேடி சொல்றேன்."

அத்தான் எழுதியது என்ன என்று அவளுக்குத் தெரியும். படத்துக்கு உட்காருகிறவர் பெயர், தேதி இவற்றோடு அவர் நிறுத்தியதில்லை. 'இவர் கண் சிமிட்டுவார், இரண்டு எடு.' 'சிரிக்கச் சொல்லாதே, சொன்னால் அழுவதுபோல் ஆகிவிடும்.' 'இடது பக்கம் நன்றாக இருக்கும், அவருக்குத் தெரியாது.' 'மாமியார் பக்கத்தில் நிற்க வைக்காதே.' யாராவது மறுபடி படமெடுக்க வந்தால், அக்கா விளக்குப் போடுகிற சாக்கில் பின்னறைக்குப் போய் அதைப் படித்துவிட்டு வருவாள். வந்தவரிடம், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்பாள். அத்தான் போன பிறகும் ஸ்டூடியோவில் அவர்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

அவள் ஈரக்கையோடு கிளம்பினாள்.

ஸ்டூடியோ சாத்தியிருந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள். படிக்கட்டும் தூணும் வரைந்த திரைக்கு முன்னால், படமெடுக்க உட்காரும் முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். போனை நீட்டினாள். "நீயே படி. நான் எதுவும் தப்பாச் செய்யலை. அது சொன்னதைத்தான் செஞ்சேன்."

கொக்கி படித்தாள். "உங்கள் சிரமம் புரிகிறது! அட்டவணைக் கோப்பை நீக்கிவிடுங்கள். தலைமுடியை வெட்டினால் மீண்டும் வளர்வதைப்போல, அது தானாகவே உருவாகிவிடும். இது முற்றிலும் பாதுகாப்பானது."

இரண்டாவது முறை படித்தாள். தலைமுடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைவாரி, சட்டை மாட்டி, வேறு யாருடைய குரலிலோ அவளுடைய வேடிக்கை அங்கே நின்றுகொண்டிருந்தது.

"இது நான் சொன்னது" என்றாள்.

"எது?"

"இந்தத் தலைமுடி. குழுமத்துல எழுதினேன். முனிவரை வெளிய இழுக்கறதுக்கு. அந்தக் கம்பெனிக்காரன் இந்த இயந்திரத்துக்குக் குழுமத்தை மொத்தமாப் படிக்கக் குடுத்திருக்கான். எது மேல இருந்துச்சோ அதைப் படிச்சிருக்கு."

"தெரிஞ்சே தப்பா எழுதினியா?"

"அது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும்க்கா."

"எல்லாருக்கும்னா யாரு? எனக்குத் தெரியாதே."

எல்லோருக்கும் என்பது அப்போது குழுமத்தில் இருந்தவர்கள். நெற்றியில் இருந்த வரியைப் படித்துவிட்டு வந்தவர்கள். அடுத்த பதிலுக்குக் கீழே இறங்கத் தெரிந்தவர்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசிய பேச்சை, சிரிப்பை வெட்டிவிட்டு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"உன் அத்தான் எழுதினது ஒண்ணாவது ஞாபகம் இருக்கான்னு காலையிலேர்ந்து யோசிக்கிறேன்" என்றாள் அக்கா. "அவரு எழுதியிருக்காரேன்னு நான் எதையும் மனசுல வெச்சுக்கவே இல்லடி." அவள் அழவில்லை. திரையில் வரைந்த படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொக்கி பின்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். படங்கள் வரிசை வரிசையாக இருந்தன. கீழே எல்லாம் வெள்ளை.

பழைய குழுமத்தைத்தான் கம்பெனியால் வாங்க முடிந்தது. பரணை வாங்க முடியவில்லை. முனிவர் அதைத் திறந்து வைத்திருந்ததால், ஊருக்கு ஒருவர் நகல் வைத்திருந்தார். அதைப் பராமரிக்கிறவர்கள் சிலர் வேறொரு சின்ன இடத்தில் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். தேடிப்பிடித்தாள். இதயம் கிதயம் எதுவும் இல்லை. ஒரு வெள்ளைக் கட்டமும் அனுப்பும் பொத்தானும் இருந்தன.

பழைய பெயரையே கொடுத்து உள்ளே போனாள். விரல்கள் தாமாகவே ஆரம்பித்தன. "அட்டவணையை அழித்தால் குறிப்புகள் ஒருபோதும் திரும்பாது என்பதுதான் பரணின் சிறப்பு." அழகான தப்பாக இருக்கலாம். தப்பாக இருந்துவிட வேண்டும். யாராவது கோபித்துக்கொண்டு ஓடிவருவார்கள். ஆனால் இதை இன்னொரு இயந்திரம் படித்துவிட்டு நாளைக்கு யாரிடமாவது மரியாதையாகச் சொல்லும்.

அதை அழித்தாள். புதிதாக எழுதினாள்: "என் அக்கா அட்டவணையை அழித்துவிட்டார். அதில் இறந்துபோன அவர் கணவரின் குறிப்புகள் இருந்தன. மீட்க வழி உண்டா? எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து உதவுங்கள். என் எண் கீழே இருக்கிறது."

முதல் நாள் கேட்ட கேள்விக்குப் பிறகு அவள் நேராகக் கேட்டது இதுதான். அனுப்பிவிட்டு, டீ போட்டு அக்காவுக்குக் கொடுத்தாள். அக்கா குடிக்கவில்லை. ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டும்போது போன் அடித்தது.

"கொக்கியா?" ஒரு பெண் குரல். "நான் ஒட்டடை. பரண்ல பழைய குப்பையைக் கூட்டறது என் வேலை. நீங்க அந்தக் கொக்கியா? பஞ்சு கொக்கி?"

"ஆமா."

"அய்யோ, நீங்க பொம்பளையா! கொக்கியார் கொக்கியார்னு எல்லாரும் சொல்லி, நான் பெரிய மீசையெல்லாம் வெச்சு நினைச்சு வெச்சிருக்கேன்." சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "மன்னிச்சிருங்க. அக்கா பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அழிச்சதுக்கப்புறம் பரணைத் திறந்து மூடினாங்களா?"

கொக்கி போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். அக்கா, "திறந்தேன்" என்றாள். "வளர்ந்திருக்கான்னு பார்க்க வேண்டாமா?"

"எத்தனை தடவைக்கா?"

"காலையிலேர்ந்து எனக்கு அதே வேலைதான்."

"அடடா" என்றாள் ஒட்டடை.

"என்னம்மா, சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு" என்றாள் அக்கா.

"பரண் மூடும்போதெல்லாம் அட்டவணையை ஒரு நகல் எடுத்து ஒளிச்சு வெச்சுக்கும்க்கா. புதுசு வந்தா பழசு ஒண்ணு போயிடும். நீங்க காலையிலேர்ந்து மொட்டையைத்தான் நகல் எடுத்திருக்கீங்க. கிட்டத்துல உள்ளதெல்லாம் போயிருக்கும். ஆனா வருஷக் கடைசியில எடுத்த நகலைத் தனியா வைக்கும். அதை எத்தனை தடவை திறந்து மூடினாலும் தொடாது. அது இருக்கணும்."

"இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொன்னதே இல்லையே" என்றாள் கொக்கி.

"முனிவர் சொல்லவேண்டாம்னுட்டார். சொன்னா எல்லாரும் தைரியமா அழிப்பாங்களாம். நீங்க அந்தத் தலைமுடிப் பதில் போட்ட வாரமே உட்கார்ந்து எழுதினது இது. கொக்கி சொல்றதை நிஜமாவே ஒருத்தர் ஒருநாள் செய்வாங்கன்னு. அங்க உங்களைத் திட்டிட்டு, இங்க பரணுக்குள்ள வந்து அதுக்கு மெத்தை போட்டு வெச்சிருக்கார். இது ஒண்ணு இல்ல, உங்க தப்பு ஒவ்வொண்ணுக்கும் இருக்கு. நாங்க இப்பவும் பரண்ல எதை மாத்தினாலும் கொக்கி சோதனை பண்ணாம வெளிய விடமாட்டோம். கொக்கி என்ன செய்யச் சொல்லும்னு யோசிச்சு, அதைச் செஞ்சு பார்ப்போம். அது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு."

கொக்கி கேட்டாள்: "அவரு இப்ப எங்க இருக்காரு?"

"தெரியலைக்கா. சாவியெல்லாம் எங்க கையில குடுத்துட்டு ஒருநாள் போயிட்டார். நாங்களும் தேடிப் பார்த்தோம்."

ஒட்டடை சொல்லச் சொல்ல, கொக்கி ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே போனாள். ஒளிந்திருப்பவற்றைக் காட்டு என்று ஓர் இடத்தில் குறியிட்டதும், இல்லாமல் இருந்த கோப்புகள் மங்கலாகத் தோன்றின. வருஷங்களின் பெயரில் வரிசையாக நின்றன. கடைசியாக இருந்ததை எடுத்து அட்டவணையின் இடத்தில் வைத்தாள். பரணைத் திறந்தாள். அது மெதுவாகத் திறந்தது. முழுசாகத் திறப்பதற்குள் அக்கா அவள் தோளில் நகம் பதித்துவிட்டாள்.

படங்களுக்குக் கீழே எழுத்துகள் வந்தன.

அக்கா முன்னால் குனிந்து ஒன்றைப் படித்தாள். "'இந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். கேட்காதே. விளக்கை மேலே ஏற்று.'" பிறகு இன்னொன்று. "'அண்ணன் தம்பி. பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு பூச்சாடி வை.'" அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொக்கி திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வருஷத்துக் குறிப்புகள் வரவில்லை. அவை அக்கா எழுதியவை. "போனா போகுது. நான் எழுதினதுல என்ன இருக்கு? பேரும் தேதியும்தான்" என்றாள் அக்கா.

இத்தனை நேரமும் ஒட்டடை இணைப்பிலேயே இருந்தாள். "வந்துடுச்சாக்கா? நல்லவேளை." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "கொக்கியக்கா, தப்பா நினைக்கலைன்னா ஒரு உதவி. புது பரண் ஒண்ணு தயாரா இருக்கு. நாங்களே கொக்கி மாதிரி யோசிச்சு யோசிச்சு அலுத்துட்டோம். நிஜக் கொக்கியே கிடைச்சிருக்கீங்க. அதைக் கெடுக்க முடியுதான்னு முயற்சி பண்ணிப் பார்க்கறீங்களா? பழைய பரணைத் தொடாது, தனியா ஓடும்."

புதிய பரண் இறங்கியது. கொக்கி அதன் முன் உட்கார்ந்தாள். தப்பாக ஒன்றைச் செய்ய வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. அவளுடைய தப்புகள் எல்லாம் ஒருவருக்காகச் செய்தவை. அவர் எங்கே கோபப்படுவார் என்று தெரிந்து செய்தவை. வெறுமனே தப்பு செய்ய அவளுக்கு வரவில்லை. ஓரிரண்டு முயன்றாள். பரண் பணிவாக மறுத்துவிட்டது.

"தள்ளு" என்றாள் அக்கா. "இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?"

அக்கா உட்கார்ந்து, பரணின் படத்தை அழுத்தினாள். அது திறக்கக் கொஞ்சம் நேரமானது. மறுபடி அழுத்தினாள். மறுபடி. படபடவென்று அழுத்தினாள். திரையில் பரண்மேல் பரணாக ஏறி, எல்லாம் உறைந்து நின்றது.

"என்ன ஆச்சு?" என்றாள் ஒட்டடை.

கொக்கி சொன்னாள்.

"இது எப்படி எங்க யாருக்கும் தோணலை!" என்று அந்தப் பக்கம் ஒரு கத்தல். "ஏன்க்கா அத்தனை தடவை அழுத்தினீங்க?"

"திறக்கலையேம்மா. யார் வீட்டுக்காவது போனா நீ மணியை ஒரு தடவைதான் அடிப்பியா?"

ஒட்டடை சிரித்துக்கொண்டே வேகமாக எதையோ தட்டச்சு செய்வது கேட்டது. கொக்கி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்து எதை அழுத்தலாம் என்று திரையில் தேடிக்கொண்டிருந்தாள்.